டிஸ்டிங்ஷன் போச்சு

போன மாதம் எங்கள் கல்லூரி முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கூகுள் ஃபார்ம் வந்து விழுந்தது. 'டிஸ்டிங்விஷ்ட் அலும்னஸ் அவார்டு'க்கு யாரையாவது பரிந்துரைக்கலாம், நம்மை நாமே பரிந்துரைத்துக்கொள்ளவும் செய்யலாம். பெயர், டிகிரி முடித்த ஆண்டு, தற்போதைய பதவி, நிறுவனம், லிங்க்ட்இன் முகவரி எல்லாம் கேட்டிருந்தார்கள். பதவிக்கு ஒரு டிராப்-டவுன்: நிறுவனர், சீஇஓ, அரசு உயர் அதிகாரி, பேராசிரியர், கடைசியாக 'அதர்ஸ்'. அரை மணி நேரத்தில் மூன்று பேர் தங்கள் பெயரையே போட்டுவிட்டதாகக் குழுவில் அறிவித்தார்கள். நான் ஃபார்மைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காப்பி கொண்டுவந்த அம்மா எட்டிப் பார்த்து, "டிஸ்டிங்விஷ்ட்னா என்னடா?" என்றார்.

பதின்மூன்று வருடமாக இங்கிலீஷில் மெயில் எழுதிப் பிழைக்கிறவன் நான். ஆனாலும் சட்டென்று சொல்ல வரவில்லை. "பெரிய ஆளுங்கம்மா" என்றேன். "யாரை விட?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை.

அம்மாவுக்கு இந்தச் சொல்லின் ஒரு பாதி நன்றாகவே தெரியும். அவர் 'ஹையர்' முடித்தவர், 'வித் டிஸ்டிங்ஷன்'. எண்பதுகளில் தாம்பரத்தைச் சுற்றி வளர்ந்த ஒரு பெண்ணுக்குப் பத்தாவதுக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் வீட்டைவிட்டு வெளியே போக அனுமதிக்கப்பட்ட இடம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. ஐந்து தட்டு ஒரு வார்த்தைக் கணக்கு. ஸ்பீடு பேப்பர் பத்து நிமிடம், ஆக 2250 தட்டு. தேர்வு ஹாலில் மணி அடித்ததும் ஐம்பது அறுபது மெஷின்கள் ஒரே நேரத்தில் தட்டத் தொடங்கும் சத்தத்தை அம்மா இப்போதும் வாயாலேயே செய்து காட்டுவார். சேலையூரில் அவர் படித்த இன்ஸ்டிட்யூட்டின் சுவரில் ஒரு கருப்புப் பலகை இருந்ததாம். அதில் வெள்ளை பெயின்ட்டில் டிஸ்டிங்ஷன் வாங்கியவர்களின் பெயர்கள். அம்மாவின் பெயர் நான்காவது. பிறகு கம்ப்யூட்டர் வந்து, இன்ஸ்டிட்யூட் ஜெராக்ஸ் கடையாகி, மொபைல் ரீசார்ஜ் கடையாகி, இப்போது மோமோ விற்கிறார்கள். பலகை எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. சான்றிதழ் மட்டும் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. வேலைக்கு அது ஒரு நாளும் பயன்படவில்லை.

என் கதை இதற்கு நேர் எதிர். அண்ணா பல்கலைக்கழக விதிப்படி, சிஜிபிஏ 8.5க்கு மேல் இருந்து, எல்லாப் பாடத்தையும் முதல் முயற்சியிலேயே முடித்திருந்தால்தான் 'ஃபர்ஸ்ட் கிளாஸ் வித் டிஸ்டிங்ஷன்'. எனக்கு 8.7. ஆனால் மூன்றாம் செமஸ்டரில் டிபிடிஇ கவிழ்த்துவிட்டது. ட்ரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்ட் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ். தமிழ்நாட்டில் என் வயது இன்ஜினியர்களில் பாதிப் பேருக்கு இந்தப் பெயரைக் கேட்டாலே வயிறு கலங்கும். அடுத்த முறை எழுதி 'ஏ' கிரேடு வாங்கினேன். பிரயோஜனமில்லை. 8.51 வாங்கிய நண்பனின் சான்றிதழில் அந்தச் சொல் இருக்கிறது, என்னுடையதில் இல்லை. ரிசல்ட் அன்று ஹாஸ்டல் வராண்டாவில் எல்லோரும் சொன்ன வாக்கியம், "மச்சி, டிஸ்டிங்ஷன் போச்சு." ஏதோ வீட்டில் இருந்த நகை போன மாதிரி.

இந்த 'போச்சு' கொஞ்சம் யோசிக்க வேண்டியது. தமிழர்கள் அன்றாடம் புழங்கும் டிஸ்டிங்ஷன் என்பது ஒரு பொருள். அதை வாங்கலாம், விடலாம், தொலைக்கலாம். "கெமிஸ்ட்ரியில டிஸ்டிங்ஷன் வாங்கிட்டா" என்று சொல்கிறோம். 'டிஸ்டிங்விஷ்ட்' அப்படிக் கையில் வராது. அது ஒரு ஆளின் மேல் தானாகப் படிந்திருக்கும் குணம் என்பதாக ஆங்கிலம் பாவனை செய்கிறது. நரைத்த காதோரம், இஸ்திரி போட்ட சட்டை, அளந்து பேசும் குரல் இருந்தால் ஒருவரை 'டிஸ்டிங்விஷ்ட் லுக்கிங்' என்பார்கள். அவர் என்ன செய்தார் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

சொல்லின் அடிப்படை வினைக்குப் போனால் விஷயம் எளிது. 'டிஸ்டிங்விஷ்' என்றால் வேறுபடுத்து. இதிலிருந்து அதைப் பிரித்துக் காட்டு. லத்தீனிலிருந்து வந்த வினை, பொருள் இன்றும் மாறவில்லை. வக்கீல்கள் ஒரு பழைய தீர்ப்பு தங்கள் வழக்குக்குப் பொருந்தாது என்று காட்டுவதற்கும் இதே வினையைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆகவே 'டிஸ்டிங்விஷ்ட்' என்றால் பிரித்து வைக்கப்பட்டவர். செயப்பாட்டு வினை. பிரித்து வைத்த கை யாருடையது என்பதை மட்டும் சொல் மறைத்துவிடுகிறது. அம்மா கேட்ட "யாரை விட?"வின் மறுபாதி இது: யாரால்?

அந்தக் கை அரசாங்கத்தினுடையதாக இருக்கும்போது வேடிக்கை கூடும். பத்ம விருதுகளின் விதிகளைப் பாருங்கள். பத்மஸ்ரீ 'டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ்'க்கு. பத்மபூஷண் 'டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் ஆஃப் எ ஹை ஆர்டர்'க்கு. பத்மவிபூஷண் 'எக்ஸெப்ஷனல் அண்ட் டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ்'க்கு. எங்கள் ஆபீஸின் லெவல் 6, லெவல் 7, லெவல் 8 அப்படியே! ஐடி கம்பெனிகளில் நிஜமாகவே 'டிஸ்டிங்விஷ்ட் இன்ஜினியர்' என்று ஒரு பதவி உண்டு. சீனியர், ஸ்டாஃப், பிரின்சிபல் எல்லாம் தீர்ந்துபோன பிறகு ஹெச்ஆரிடம் மிச்சமிருந்த உரிச்சொல் இதுதான் போல. பிரித்து வைத்தவர்களையும் மறுபடி பிரிக்க வேண்டியிருக்கிறது என்பது இந்தச் சொல்லின் சாபம்.

இத்தனைக்கும் நம் அரசியலமைப்பு இந்த விஷயத்தில் ஜாக்கிரதையாகவே தொடங்கியது. 18ஆவது பிரிவு, ராணுவ, கல்விச் சிறப்புகள் தவிர எந்தப் பட்டத்தையும் அரசு வழங்கக் கூடாது என்கிறது. ராவ் பகதூர், திவான் பகதூர் காலத்துக்கு அப்படி ஒரு முற்றுப்புள்ளி. பத்ம விருதுகள் இதற்குள் வருமா என்ற வழக்கில் 1995 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அவை பட்டங்கள் அல்ல, ஆனால் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ போட்டுக்கொள்ளக் கூடாது என்றது. சினிமா டைட்டில் கார்டு பார்க்கிற எவருக்கும் அந்தத் தீர்ப்பின் கதி தெரியும். அதே அரசியலமைப்பின் 124ஆவது பிரிவு, குடியரசுத் தலைவரின் கருத்தில் 'டிஸ்டிங்விஷ்ட் ஜூரிஸ்ட்'டாக இருக்கும் ஒருவரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக்கலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அந்தக் கதவு வழியாக இதுவரை ஒருவர்கூட உள்ளே போனதில்லை.

தமிழுக்கு வருவோம். மேடையில் 'டிஸ்டிங்விஷ்ட் கெஸ்ட்' சிறப்பு விருந்தினர் ஆகிவிடுகிறார். எழுத்தில் 'புகழ்பெற்ற', 'மதிப்புமிகு' என்று சமாளிக்கிறோம். பேச்சில் இருக்கும் உண்மையான சொல் 'பெரிய மனுஷன்'. எனக்கு இது ஆங்கிலத்தைவிட நேர்மையான சொல்லாகப் படுகிறது, ஏனென்றால் அதில் கடமை இருக்கிறது. "பெரிய மனுஷன் பண்ற வேலையா இது?" என்று தெருவில் எவனும் அவரைக் கேட்டுவிட முடியும். டிஸ்டிங்விஷ்ட் ஆனவரை அப்படிக் கேட்க வாக்கியமே கிடையாது. ஆனால் இந்தச் சொல்லுக்கும் ஒரு ஓட்டை. அம்மாவைப் போல ஒரு பெண்ணை 'பெரிய மனுஷி' என்று சொல்லிப் பாருங்கள். அர்த்தம் வேறு எங்கோ போய்விடுகிறது, வயதுக்கு வந்துவிட்டாள் என்று. ஆணுக்குச் சமூகம் கொடுக்கும் அந்தஸ்தைக் குறிக்கிற அதே சொல் பெண்ணுக்கு உடம்பில் நடப்பதைக் குறிக்கிறது. நாற்பதுகளில் சைடு வகிடு நரைத்த என் மேனேஜர் அக்காவுக்குப் பேச்சுத் தமிழில் இன்னும் ஒரு சொல் இல்லை. 'மேடம்' என்கிறோம்.

தமிழ்நாடு அரசு 2021இல் ஒரு பழைய சொல்லைத் தூசு தட்டி எடுத்தது: 'தகைசால் தமிழர்'. பத்து லட்சம் ரூபாயும் பாராட்டுச் சான்றிதழும் கொண்ட விருது. நான் பார்த்தவரை 'டிஸ்டிங்விஷ்ட்' என்பதற்கு மிக நெருக்கமான தமிழ் இதுதான். அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "சாலா? எங்க ஊர்ல தண்ணி ரொப்பி வைக்கிற பெரிய பானையத்தான் சால்னு சொல்லுவோம்" என்றார். மதுராந்தகம் பக்கத்துக் கிராமம் அவருடையது. சிரித்தேன், பிறகு அகராதியைப் புரட்டினால் அம்மா ஒன்றும் தூரத்தில் இல்லை. சால் என்ற வினைக்கு நிறைதல், மிகுதல், பொருந்துதல் என்று பொருள். சால்பு, சான்றோர், சான்றாண்மை எல்லாம் அதன் பிள்ளைகள். வள்ளுவர் சான்றாண்மைக்கு ஒரு அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். ஆங்கிலச் சொல் ஒருவரைக் கூட்டத்திலிருந்து பிரித்து நிறுத்துகிறது. தமிழ்ச் சொல் அவர் உள்ளே எவ்வளவு நிரம்பியிருக்கிறார் என்று பார்க்கிறது. பக்கத்துப் பானை நிரம்பியிருந்தாலும் இந்தப் பானைக்கு நஷ்டமில்லை. 'யாரை விட?' என்ற கேள்வி இங்கே எழாது.

சொல் அப்படி. விருது என்று வந்தால் வருடத்துக்கு ஒருவர்தான், மறுபடி பிரித்தாக வேண்டும். முதல் வருடம் பிரித்தெடுக்கப்பட்டவர் குரோம்பேட்டையில் வாழ்ந்தார், தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் இரண்டே ஸ்டேஷன். என். சங்கரய்யா. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தவர், 1941இல் இறுதித் தேர்வுக்குச் சற்று முன்னால் விடுதலைப் போராட்டத்துக்காகக் கைதானார். தேர்வு எழுதவில்லை. பட்டம் இல்லை. எட்டு வருடங்களுக்குமேல் சிறை, தலைமறைவு வாழ்க்கை, மூன்று முறை எம்எல்ஏ, 1964இல் மார்க்சிஸ்ட் கட்சி உருவாகக் காரணமான 32 பேரில் ஒருவர். தகைசால் தமிழர் விருதின் பத்து லட்சத்தை அப்படியே முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்குக் கொடுத்துவிட்டார்.

நான் அவர் கட்சிக்காரன் இல்லை. என்னை இழுப்பது அந்த எழுதாத பரீட்சை. 2023இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கத் தீர்மானம் போட்டது. அவர் பட்டம் வாங்காமல் விட்டுவந்த அதே ஊர். வேந்தரான ஆளுநர் ஆர்.என். ரவி ஒப்புதல் தரவில்லை. நவம்பர் 2ஆம் தேதி நடந்த பட்டமளிப்பு விழாவை அப்போதைய உயர்கல்வித் துறை அமைச்சர் பொன்முடி புறக்கணித்தார். அறிக்கைகள், கண்டனங்கள், டிவி விவாதங்கள். நவம்பர் 15ஆம் தேதி சங்கரய்யா காலமானார். 102 வயது.

அதே 2023 பிப்ரவரியில் என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? அண்ணா பல்கலைக்கழக வளாக அரங்கத்தை வாடகைக்கு எடுத்து, ஒரு தனியார் அமைப்பு திரைக் கலைஞர்களுக்கும் யூடியூபர்களுக்கும் 'கௌரவ டாக்டர்' பட்டம் வழங்கியது. பட்டம் கொடுக்க அந்த அமைப்புக்கு எந்த அதிகாரமும் இல்லை. பல்கலைக்கழகம் போலீசில் புகார் கொடுத்தது. வாங்கியவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அவர்களும் ஏமாந்தவர்கள். அங்கி, தொப்பி, சுருட்டிய காகிதம் எல்லாம் சரியாக இருந்தன. ஒரே வருடத்தில், ஒரு பக்கம் பிரித்து வைக்க உரிமை இல்லாத கை தாராளமாகக் கொடுத்தது. இன்னொரு பக்கம் உரிமையுள்ள கை கையெழுத்துப் போட மறுத்தது. கேம்ப் ரோடு சிக்னலில் நின்று ஃப்ளெக்ஸ்களைப் பார்த்தால் எத்தனை 'டாக்டர்'கள்! அவர்களில் ஒருவராவது ஊசி போடுவாரா என்பது ஆட்டோ அண்ணன்களின் நிரந்தர ஜோக்.

அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்' கதையை இந்த இடத்தில்தான் நான் மறுபடி படித்தேன். சினிமா ஸ்டுடியோவுக்கு வாய்ப்புக் கேட்டு ஒருவன் வருகிறான். சாதாரணமான, கொஞ்சம் பரிதாபமான ஆள். புலி வேஷம் கட்டுவேன் என்று சொல்லி, அந்த அறையிலேயே புலியாகிறான். பார்த்தவர்கள் உறைந்துபோகிறார்கள். ஆனால் அவனுக்குக் கொடுக்க அங்கே வேலை இல்லை. பிறகு ஒரு தேவை வந்து கடிதம் போடும்போது ஆள் அந்த விலாசத்தில் இல்லை. வழக்கமாக இதைக் கலைஞனைக் கைவிடும் சினிமாவின் கதை என்று படிப்போம். எனக்கு இப்போது அது ஒரு ஃபார்மின் கதையாகத் தெரிகிறது. அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அவன் யார் என்று அந்தச் சில நிமிடங்களில் முழுதாகத் தெரிந்துவிடுகிறது. அங்கீகாரத்தில் குறையே இல்லை. அதைப் போட்டு வைக்கத்தான் அவர்களிடம் ஒரு கட்டம் இல்லை. ஜெமினி ஸ்டுடியோவில் பதினான்கு வருடம் வேலை பார்த்த அசோகமித்திரனுக்கு ஒரு அலுவலகம் எப்படி நல்லெண்ணத்தோடேயே மனிதர்களைத் தவறவிடும் என்று தெரிந்திருந்தது. கதையில் வில்லன் கிடையாது, தபால் திரும்பி வருகிறது, அவ்வளவுதான். புலியாகும் அந்தப் பத்தியில் உரிச்சொற்கள் எவ்வளவு குறைவு என்பதையும் கவனியுங்கள். 'அபாரமான கலைஞன்' என்று அவர் எழுதியிருந்தால் கதை அங்கேயே செத்திருக்கும்.

உரிச்சொல் இல்லாமல் ஒருவரைத் தெரிந்துகொள்ள முடியாமல் போனதற்கு என்னிடமே ஒரு உதாரணம் உண்டு. சேலையூருக்கு மேற்கே, ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் காடு. 1937இல் ஜார்ஜ் டவுனிலிருந்து இங்கே வந்த கல்லூரி. அதன் விடுதிகளில் ஒன்றின் பெயரே சேலையூர் ஹால். சின்ன வயதில் அந்த மதிலோரம் சைக்கிள் ஓட்டியிருக்கிறேன். உள்ளே கிஃப்ட் சிரோமணி என்று ஒருவர் இருந்திருக்கிறார், ராணி சிரோமணி என்று ஒருவர் இருந்திருக்கிறார் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. இவர்களும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974இல் 'அரே கிராமர்ஸ் அண்ட் கோலம்' என்ற ஆய்வுக் கட்டுரையை எழுதினார்கள். வாசலில் போடும் கோலத்தின் பின்னால் இருக்கும் விதிகளைக் கணினி அறிவியலின் இலக்கணங்களாக எழுத முடியும் என்று காட்டிய வேலை. நான்கு வருடம் இன்ஜினியரிங் படித்தேன், 'தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன்' பாடத்தில் சாம்ஸ்கியின் பெயரை மனப்பாடம் செய்து எழுதினேன். வீட்டிலிருந்து சைக்கிள் தூரத்தில் அதே துறையில் உலகம் கவனித்த வேலை நடந்தது என்பதை 30 வயதுக்கு மேல், ஒரு ராத்திரி, வேறு எதையோ தேடும்போது தெரிந்துகொண்டேன். கிஃப்ட் சிரோமணி 1988இலேயே இறந்துவிட்டார். கேம்ப் ரோட்டில் அவருக்கு ஃப்ளெக்ஸ் வைத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமோ என்று நினைத்து வெட்கப்பட்டேன். நானும் பலகையைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் காண்கிறேன் போல. விருதுகளைக் கிண்டல் செய்து இவ்வளவு தூரம் எழுதிய பிறகு இதைச் சொல்லாமல் விட்டால் அது திருட்டுத்தனம்.

அதனால் ஃபார்மைக் கிண்டலடித்து மூடிவிட மனமில்லை. எனக்குத் தெரிந்த ஒருவன் இருக்கிறான். என் வகுப்புத் தோழன். கல்லூரி முடிக்கும்போது பதினான்கு அரியர். ராஜகீழ்ப்பாக்கத்தில் அப்பாவின் ஹார்டுவேர் கடையைப் பார்த்துக்கொள்கிறான். பெயின்ட் டின்களுக்கு நடுவில் ஒரு ஒயிட் போர்டு மாட்டி, மாலை ஏழு மணிக்கு மேல் பாலிடெக்னிக், இன்ஜினியரிங் பையன்களுக்குக் கணக்கு சொல்லித் தருகிறான். காசு வாங்குவதில்லை. ஒன்பது வருடமாக. அதே டிபிடிஇதான், ஃபூரியர் சீரிஸ்தான். "எனக்கு எங்கெல்லாம் புரியாதுன்னு எனக்குத்தான்டா தெரியும்" என்பான். போன நவம்பரில் ஒரு நாள் போனபோது பதினோரு பேர் சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் அரேஞ்ச்மென்ட்டில் முதல்முறையாக விடை வந்ததும் "அண்ணா, வந்துடுச்சுண்ணா!" என்று கத்தினாள். நூறு கிராம் ஆணி வாங்க வந்தவர் ஒன்றும் புரியாமல் கை தட்டினார்.

அவன் பெயரைப் போட்டேன். பதவிக்கு 'அதர்ஸ்'. நிறுவனம் என்ற இடத்தில் கடையின் பெயர். சாதனை என்ற கட்டத்தில் மேலே எழுதியதை ஆங்கிலத்தில் எழுதினேன். 'டெடிகேட்டட்', 'பேஷனேட்' என்றெல்லாம் தானாக வந்து விழுந்தவற்றை அம்மாவிடம் படித்துக் காட்டி ஒவ்வொன்றாக எடுத்துவிட்டோம். "சிமென்ட் மூட்டை மேல உக்காந்து படிக்கிறாங்கன்னு போடுடா, அது போதும்" என்றார்.

டிகிரி முடித்த ஆண்டு என்ற கட்டத்தில் சிவப்பு நட்சத்திரம் இருந்தது. நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. எந்த வருடம் கிளியர் செய்தான் என்று எனக்கு ஞாபகமில்லை. போன் போட்டேன். பின்னால் யாரோ எமல்ஷன் விலை கேட்கும் சத்தம்.

"எதுக்குடா?"

சொன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சிரித்தான். "டேய், இன்னும் ஒண்ணு நிக்குதுடா. ஸ்பெஷல் சான்ஸ் விடும்போதெல்லாம் கடையில சீசன் வந்துடுது."

"எந்த பேப்பர்?"

"என்வயர்ன்மென்ட்டல் சயின்ஸ்" என்றான்.